ஃபேர்டிரேட் தேயிலைப் பெட்டிகள்: சுவை, விலை, முடிவெடுக்கும் உரிமை

லண்டன் கடைகளில் நான் வழக்கமாக வாங்கும் மூன்று தேயிலைப் பொதிகளை இங்கே மதிப்பிடுகிறேன். முதலாவது, ஒரு பேரங்காடி தன் சொந்தப் பெயரில் விற்கும், ஃபேர்டிரேட் (நியாய வணிகம்) என்னும் சான்று முத்திரையிட்ட 80 தேநீர்ப் பைகள் கொண்ட பெட்டி. அடுத்தது, கண்டிப் பகுதியின் சிறு விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து விளைவித்த இலைத் தேயிலை. மூன்றாவது, பொது முத்திரை எதுவும் இல்லாமல், கடையே வகுத்துக்கொண்ட ‘நியாயமான கொள்முதல்’ என்னும் வாசகத்தோடு வரும் பெட்டி. மூன்றுமே தேயிலையை விளைவிப்பவருக்கு நன்மை செய்வதாக உறுதி கூறுகின்றன. அந்த உறுதிக்காகத்தான் நாம் கூடுதலாகக் காசு கொடுக்கிறோம் என்பதால், சுவையையும் விலையையும் பார்ப்பதோடு அதையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: முதற்பெட்டியைத் தயக்கத்தோடு பரிந்துரைக்கிறேன், இரண்டாவதைச் சுவைக்காக மனதாரப் பரிந்துரைக்கிறேன், மூன்றாவதை வாங்க வேண்டாம் என்கிறேன்.

முதற்பெட்டியில் இருப்பது கென்யா, மலாவி, அசாம் தேயிலைகளைக் கலந்த சி.டி.சி. தூள், அதாவது இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்யும் வகை. மூன்று நிமிடத்தில் சாயம் முழுதும் இறங்கிவிடும். பால் சேர்த்தாலும் நிறம் வெளிறாமல் திடமாக நிற்கும். மணம் என்று சொல்லும்படி அதிகம் இல்லை. பையைக் கிழித்துத் தூளைப் பாலோடும் இஞ்சியோடும் கொதிக்க வைக்கும் நம் வீட்டு முறைக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. முத்திரையில்லாத அதே தரப் பெட்டியைவிட விலை சற்றே கூடுதல், ஆனால் குடும்பச் செலவில் உறுத்தும் அளவுக்கு இல்லை. முத்திரையின் பக்கத்தில் ஒரு சிறு அம்புக்குறி இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. பெட்டியைத் திருப்பிப் பின்பக்கக் குறிப்பைப் படிக்கச் சொல்லும் அடையாளம் அது. தேயிலை, கோக்கோ, சர்க்கரை, பழச்சாறு ஆகியவற்றுக்கு ஃபேர்டிரேட் விதிகள் அளவுச் சமன் முறையை அனுமதிக்கின்றன: ஆலை எவ்வளவு ஃபேர்டிரேட் தேயிலையை வாங்கியதோ அவ்வளவை முத்திரையோடு விற்கலாம், ஆனால் ஆலைக்குள் அது மற்றத் தேயிலையோடு கலந்திருக்கலாம். இதை நான் ஏமாற்றாகக் கருதவில்லை. பல இடத்துக் கொழுந்து வந்து சேரும் தொழிற்சாலையில் இரண்டு வரிசைகளைத் தனித்தனியே ஓட்டுவது எளிதன்று. பணம் உரிய கணக்குக்குப் போய்ச் சேர்ந்தால் இலை கலந்ததால் தொழிலாளிக்கு நட்டம் இல்லை. ஆனாலும், உங்கள் கோப்பையில் இருக்கும் தேயிலை சான்று பெற்ற தோட்டத்தில் பறிக்கப்பட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும்.

எவ்வளவு பணம் போகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது கடினமன்று. பெரும்பாலான தேயிலை வகைகளுக்குக் கிலோவுக்கு 0.50 அமெரிக்க டாலர் என்று பிரீமியம், அதாவது விலைக்கு மேல் தரும் கூடுதல் தொகை, விதிக்கப்பட்டிருக்கிறது. 80 பைகள் கொண்ட பெட்டியில் 250 கிராம் தேயிலை இருக்கிறது. ஆகவே ஒரு பெட்டிக்கு 12.5 சென்ட். குடும்பம் முழுவதும் சில வாரங்கள் குடிக்கும் தேநீருக்கு இதுதான் நாம் அனுப்பும் தொகை. அதுவும் கொழுந்து பறிப்பவரின் கைக்கு நேராகப் போவதில்லை. தோட்டத் தொழிலாளர்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு குழுவின் கணக்குக்குப் போகிறது. அக்குழு அதைப் பள்ளிக்கட்டணம், கூரை, மருத்துவம், ஓய்வூதிய நிதி முதலியவற்றுக்குச் செலவிடுகிறது. 2014-இல் திருத்தப்பட்ட ஃபேர்டிரேட்டின் கூலித் தொழிலாளர் விதிகளின்படி, அதில் ஐந்தில் ஒரு பங்குவரை பணமாகப் பகிர்ந்துகொள்ளவும் இடமளிக்கப்பட்டது. மேலும், சான்று பெற்ற தோட்டம் தன் விளைச்சல் முழுவதையும் முத்திரையோடு விற்றுவிடுவதில்லை. மிகச் சிறு பகுதியைத்தான் விற்க முடிகிறது. மீதி சாதாரணத் தேயிலையாக ஏலத்துக்குப் போகிறது, அதற்குப் பிரீமியம் கிடையாது. முத்திரையைப் பார்த்ததும் தொழிலாளியின் சம்பளம் உயர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

முத்திரையின் விதிகள் இப்படி அமைந்ததற்குக் காரணம் அதை உருவாக்கிய இயக்கத்தின் உட்பூசல்தான். வெளிநாட்டு உழைப்பாளிகளுக்குத் துணைநிற்கப் புறப்பட்டவர்கள், யாரோடு நிற்பது என்பதில் ஒருபோதும் ஒத்துப்போனதில்லை. 1985 மே மாதம் அமெரிக்காவின் ரீகன் அரசு நிகராகுவா மீது வணிகத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஈக்குவல் எக்ஸ்சேஞ்ச் என்னும் தொழிலாளர் கூட்டுறவு தொடங்கியபோது, அது முதலில் விற்ற பொருள் நிகராகுவா காப்பி. அந்தக் கொட்டையை நெதர்லாந்தில் வறுத்து, நெதர்லாந்துப் பொருள் என்ற கணக்கில் இறக்குமதி செய்து, தடையின் இடுக்கு வழியாகக் கொண்டுவந்தார்கள். அந்தக் காப்பியை வாங்கியவர் நிகராகுவாவை அப்போது ஆண்ட இடதுசாரிச் சான்டினிஸ்டா அரசின் பக்கம் நிற்கிறேன் என்று வெளிப்படையாகவே சொன்னார்; அரசியலும் கொள்முதலும் அங்கே ஒன்றாகவே இருந்தன. 1988-இல் நெதர்லாந்தில் மாக்ஸ் ஹாவெலார் என்னும் நியாய வணிக முத்திரை வந்ததும் அந்த ஒருமை குலையத் தொடங்கியது. மெக்சிகோவின் வாகாகா மலைகளில் உசிரி என்னும் காப்பி விவசாயிகள் கூட்டுறவோடு பணியாற்றிய பாதிரியார் பிரான்ஸ் வான் டெர் ஹாஃப் முதலியோர் முன்வைத்த வாதம் எளிமையானது: தொண்டர்கள் நடத்தும் சிறு கடைகளில் மட்டும் விற்றால் விவசாயியின் மூட்டைகள் தேங்கிக் கிடக்கும், பேரங்காடியின் அலமாரிக்குப் போனால்தான் விற்பனை பெருகும். பழைய கடைகளை நடத்தியவர்களுக்கு அது மனக்கசப்பாக இருந்தது. எந்த வணிக அமைப்பை எதிர்த்துத் தாங்கள் கடை திறந்தார்களோ அதனிடமே முத்திரையை ஒப்படைப்பதா என்று கேட்டார்கள். இரு தரப்பின் கணிப்பும் பின்னால் மெய்யானது. விற்பனை பெருகியது, அதோடு பெருநிறுவனங்களும் உள்ளே வந்தன.

2005-இல் நெஸ்லே நிறுவனம் தன் காப்பி வகைகளில் ஒன்றுக்கு மட்டும் பிரிட்டனில் ஃபேர்டிரேட் முத்திரை பெற்றது, அந்தக் கசப்பு எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்டியது. குழந்தைப் பால்மாவு விற்பனை முறைக்காக 1977 முதல் புறக்கணிப்புக்கு உள்ளான நிறுவனம் அது. முத்திரையை வழங்கிய ஃபேர்டிரேட் ஃபவுண்டேஷனை நிறுவிய அமைப்புகளில் ஒன்றான உலக வளர்ச்சி இயக்கமே அந்த முடிவை வெளிப்படையாகக் கண்டித்தது. ஒரு பொருளுக்குக் கொடுக்கும் சான்று நிறுவனம் முழுவதற்கும் நற்பெயராக மாறிவிடும் என்பது அவர்களுடைய கவலை. முத்திரை பொருளுக்குரியது, நிறுவனத்துக்குரியதன்று என்பது ஃபவுண்டேஷனின் பதில். என் பார்வையில் கவலைப்பட்டவர்கள் சொன்னதே சரி, ஏனெனில் கடையில் நிற்பவர் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

பெரும் பிளவு 2011-இல் வந்தது. அமெரிக்காவில் முத்திரை வழங்கிவந்த ஃபேர் டிரேட் யுஎஸ்ஏ, அவ்வாண்டின் இறுதியோடு ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட உலக அமைப்பான ஃபேர்டிரேட் இன்டர்நேஷனலிலிருந்து விலகியது. காப்பியில் அதுவரை சிறு விவசாயிகளின் கூட்டுறவுகளுக்கு மட்டுமே முத்திரை உண்டு. அதைப் பெருந்தோட்டங்களுக்கும் விரிவுபடுத்த வேண்டும் என்று அதன் தலைவர் பால் ரைஸ் வாதிட்டார். அவர் வெளியிலிருந்து வந்த வணிகர் அல்லர். நிகராகுவாவின் மலைக் கூட்டுறவுகளோடு 11 ஆண்டுகள் பணியாற்றியவர். நிலமே இல்லாமல் தோட்டத்தில் கூலிக்குப் பறிப்பவர் விவசாயியைவிட ஏழை, அவரை வெளியே நிறுத்திவிட்டு நியாய வணிகம் பேசுவது எப்படி என்பது அவருடைய கேள்வி. எதிர்த்தவர்களில் நிகராகுவா காப்பியோடு தொடங்கிய ஈக்குவல் எக்ஸ்சேஞ்சும், லத்தீன் அமெரிக்கச் சிறு உற்பத்தியாளர்களின் ஒருங்கிணைப்பான கிளாக்கும் இருந்தன. பெருந்தோட்டம் ஒரே கையெழுத்தில் கப்பல் நிறைய அனுப்பிவிடும், ஆயிரம் சிறு விவசாயிகளிடமிருந்து மூட்டை மூட்டையாகச் சேர்க்கும் கூட்டுறவு அதனோடு போட்டியிட முடியாது, பல பத்தாண்டுகள் உழைத்து உருவாக்கிய சந்தையை நிலவுடைமையாளரிடம் கொடுத்துவிடுகிறீர்கள் என்றார்கள். அந்த அச்சத்தால் சிறு உற்பத்தியாளர்கள் ஏற்கெனவே தமக்கென்று தனி முத்திரையையும் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். இரு தரப்பும் உழைப்பாளியின் பெயரால்தான் பேசின. அது நடிப்பன்று என்றே நான் நம்புகிறேன்.

காப்பியைப் பொறுத்தவரை, எதிர்த்தவர்களின் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. உலகின் காப்பியில் பெரும்பகுதியைச் சிறு விவசாயிகள் விளைவிக்கிறார்கள். அவர்களுடைய கூட்டுறவுகளில் சில தாமே வறுத்து, தாமே ஏற்றுமதி செய்யும் நிலைக்கு வளர்ந்தவை. அவற்றைப் பலவீனப்படுத்தித் தோட்ட உரிமையாளருக்கு நற்சான்று கொடுப்பதில் தொழிலாளிக்குக் கிடைத்தது குறைவு. ஆனால் அதே வாதத்தைத் தேயிலைக்கும் நீட்டி, தோட்டத் தேயிலைக்கு முத்திரையே கூடாது, சிறு விவசாயியின் தேயிலையை மட்டும் வாங்குங்கள் என்று அவர்கள் சொல்லும்போது நான் விலகி நிற்கிறேன். இலங்கை மலையகத்தையும் நீலகிரியையும் மூணாறையும் நினைத்துப் பார்க்கும் தமிழ் வாசகர் யாரும் அந்த வாதத்தை அப்படியே ஏற்க மாட்டார் என்று கருதுகிறேன்.

மலையகத்துப் பெருந்தோட்டங்களில் தேயிலை நிலம் ஒருபோதும் அதைப் பயிராக்கியவருக்குச் சொந்தமாக இருந்ததில்லை. கங்காணிகள் வழியாகத் தமிழகத்து வறண்ட மாவட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் காட்டை அழித்துத் தோட்டம் அமைத்து, லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். 1948-இல் அவர்களில் பெரும்பாலானோரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1973-இல் பிரிட்டனின் கிரனாடா தொலைக்காட்சி இலங்கைத் தோட்டங்களின் வறுமையை ஒளிபரப்பியபோது, இங்கே பெரும் அதிர்ச்சி எழுந்தது. பிரிட்டிஷ் நிறுவனங்கள் வெளியேற வேண்டும் என்ற குரலும் வலுத்தது. 1975-இல் அத்தோட்டங்கள் அரசுடைமை ஆயின. பிரிட்டனில் அதற்காகக் குரல்கொடுத்தவர்கள் ஏகாதிபத்தியத்தின் பிடி தளர்ந்ததாக மகிழ்ந்திருக்கலாம். ஆனால் நிலச் சீர்திருத்தத்தில் நிலம் பெற்றவர்கள் வேறு. தோட்டத்துத் தமிழர் பலர் இருந்த வேலையையும் இழந்தார்கள். தோழமை இயக்கம் கேட்டது கிடைத்தது, யாருக்காகக் கேட்டதோ அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நிலவுடைமையை மட்டுமே அளவுகோலாக வைத்து நியாயத்தை அளக்கும் எந்தத் திட்டமும், ஒரு பேர்ச் நிலம்கூடச் சொந்தமில்லாத லயத்துப் பெண்ணை வெளியே விட்டுவிடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை. ஆகவே தோட்டத் தேயிலைக்கு முத்திரை இருக்கட்டும் என்கிறேன்.

அதற்காக எதிர்த்தரப்பின் குறைகூறலைச் சிறிதாக்க மாட்டேன். இந்தியாவில் 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு, குடிநீர், மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை உரிமையாளரின் கடமையாக விதித்திருந்தது. டார்ஜிலிங் தோட்டங்களை ஆராய்ந்தவர்கள் சுட்டிக்காட்டியது இதைத்தான்: உரிமையாளர் சட்டப்படி செய்ய வேண்டியவை பிரீமியப் பணத்தில் செய்யப்படும்போது, ஐரோப்பிய வாங்குநர் அனுப்பும் காசு தொழிலாளியின் உரிமையை நன்கொடையாக மாற்றிவிடுகிறது. கூரை மாற்றப்பட்ட லயத்தின் படம் விளம்பரத்தில் அழகாக இருக்கும். அந்தக் கூரையை யார் மாற்றியிருக்க வேண்டும் என்று விளம்பரம் சொல்லாது.

இரண்டாவது பொதி இந்தப் பூசலின் மறுபக்கத்திலிருந்து வருகிறது. கண்டியைச் சுற்றிய மலைச்சரிவுகளில் மிளகும் பிற பயிர்களும் ஊடாக வளரும் சிறு காணிகளில், இரசாயன உரமின்றி விளைந்த இலைத் தேயிலை. கறுப்பாக, நன்றாகச் சுருண்ட முழு இலைகள். கொதித்து இறக்கிய நீரில் நான்கு நிமிடம் ஊறவிட்டால் செம்பொன் நிறத்தில் இறங்குகிறது. கசப்பு மிகக் குறைவு, முடிவில் மெல்லிய இனிப்பு நாவில் தங்குகிறது. இதைப் பிளேன் டீயாகக் குடிப்பதுதான் முறை. பால் ஊற்றினால் இதன் அருமை போய்விடும். ஒரே இலையை இரண்டாவது முறையும் ஊறவிடலாம், சுவை அவ்வளவாகக் குறைவதில்லை. விலை, எடைக்கு எடை பார்த்தால், முதற்பெட்டியைவிடப் பல மடங்கு. விருந்தினர் வந்தால் இதைத்தான் எடுக்கிறேன். பொதியின் பின்புறத்தில் விவசாயிகள் சங்கத்தைப் பற்றிய விவரங்கள் நேர்மையாகவும் தெளிவாகவும் தரப்பட்டிருக்கின்றன. விளம்பர மொழி இல்லை. பொருள் என்ற அளவில் மூன்றிலும் சிறந்தது இது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் சிறு விவசாயியும் கூலிக்கு ஆள் வைப்பார் என்பதை அந்தப் பின்புறம் சொல்வதில்லை. லண்டனின் சோயாஸ் கல்லூரி ஆய்வாளர்கள் எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் நடத்திய ஆய்வு 2014-இல் வெளியானபோது, நியாய வணிக வட்டாரத்தில் அது பெரும் சர்ச்சையை எழுப்பியது. ஃபேர்டிரேட் அமைப்புகள் இயங்கிய இடங்களில் கூலிக்கு வேலை செய்தவர்களின் ஊதியம், அவை இல்லாத இடங்களைவிடக் குறைவாக இருந்தது என்று அவர்கள் எழுதினார்கள். ஒரு தேயிலைக் கூட்டுறவில் பிரீமியப் பணத்தில் கட்டப்பட்ட நவீனக் கழிப்பறைகளை மேலாளர்கள் மட்டுமே பயன்படுத்தினார்கள் என்றும் அவர்கள் பதிவு செய்தார்கள். ஃபேர்டிரேட் தரப்பு மறுத்தது: சிறு காணிகளையும் பெருந்தோட்டங்களையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிட்டிருக்கிறார்கள் என்றது. அந்த மறுப்பில் ஓரளவு நியாயம் உண்டு. எனினும், கூட்டுறவின் உறுப்பினர் யார், அந்த உறுப்பினரின் காணியில் பறிக்க வருபவர் யார் என்ற வேறுபாட்டை இயக்கம் நீண்டகாலம் பேசாமல் இருந்தது என்பதை அந்த மறுப்பால் மாற்ற முடியாது. காணி உரிமையாளரின் சங்கத்தை விவரிக்கும் பொதியில், பறிப்பவருக்குக் கொடுக்கும் நாட்கூலியையும் ஒரு வரியில் எழுதலாம். அது இருந்தால் இந்தத் தேயிலைமீது எனக்கு எந்தக் குறையும் இருக்காது.

முதற்பெட்டிக்குத் திரும்பினால், அதைப் பற்றி நான் தயங்குவதற்கு உண்மைக் காரணம் பிரீமியக் குழுவுக்கும் தொழிற்சங்கத்துக்கும் உள்ள உறவு. தோட்டத்தில் தேர்தல் நடத்தி, பணத்தை எப்படிச் செலவிடுவது என்று தொழிலாளர்களே முடிவெடுப்பது நல்ல ஏற்பாடு. முன்பு நிருவாகமும் சேர்ந்து அமர்ந்த குழுக்கள் இருந்தன, 2014-ஆம் ஆண்டின் விதிகள் முடிவெடுக்கும் உரிமையைத் தொழிலாளர் பக்கம் நகர்த்தின. சங்கம் அமைக்கும் உரிமையை நிருவாகம் தடுக்கக் கூடாது என்பதையும், வாழ்வதற்குப் போதுமான சம்பளத்தை நோக்கிப் படிப்படியாக உயர்த்த வேண்டும் என்பதையும் வலியுறுத்தின. இவை பல்லாண்டு வாதாட்டத்தின் பயன்; குறிப்பாக, பிரீமியக் குழு சங்கத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று லத்தீன் அமெரிக்க வாழைத் தோட்டத் தொழிற்சங்கங்கள் விடாமல் எழுப்பிய குரலுக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் சம்பளம் வேறோர் அரங்கில் முடிவாகிறது. இலங்கையில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகள் தெருவில் நின்றது. 2021-இல் சம்பள நிர்ணய சபை வழியாக அது வந்ததும், தோட்டக் கம்பெனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. 2024-இல் 1,350 ரூபாய் ஆனபோதும் நிர்ணயித்த கிலோவைப் பறிக்காவிட்டால் முழுப் பேர் (முழுநாள் சம்பளம்) விழாது என்ற அச்சம் போகவில்லை. பொருளாதார நெருக்கடியில் அரிசியும் மாவும் எட்டாத விலைக்குப் போன நாடு அது. அங்குள்ள தோட்டக் குடும்பத்துக்கு, ஒரு பெட்டிக்கு 12.5 சென்டில் கட்டப்படும் பள்ளிக்கூடம் நல்லதுதான், சம்பளத்துக்கு ஈடாகாது.

தொழிற்சங்கம் என்று சொல்லிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்றும் நான் எண்ணவில்லை. மூணாறில் 2005-இல் டாட்டா நிறுவனம் தோட்டங்களை நடத்துவதிலிருந்து விலகியபோது உருவான கண்ணன் தேவன் கம்பெனியில் தொழிலாளர்களே பங்குதாரர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எந்த முத்திரைக்கும் ஏற்ற முன்மாதிரி. 2015 செப்டம்பரில் போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, பெரும்பாலும் தமிழ்ப் பெண்களான கொழுந்து பறிப்பவர்கள் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் சாலையில் அமர்ந்தார்கள். கம்பெனியை எதிர்த்ததோடு, தங்கள் பெயரால் கையெழுத்திட்டுவந்த மூன்று பெரிய சங்கங்களின் ஆண் தலைவர்களையும் அருகே வரவிடவில்லை. 20 சதவீதம் பெற்றுக்கொண்டே எழுந்தார்கள். பங்குச் சான்றிதழாலும் முடியாதது, சங்கத் தலைவராலும் முடியாதது, அவர்கள் தாமே பேசியபோது முடிந்தது. அந்த நாட்களை நினைக்கும்போது எனக்கு இன்றும் பெருமிதமாக இருக்கிறது. லண்டனிலோ பானிலோ இருக்கும் எந்தக் குழுவும் அப்பெண்களுக்காக அந்தக் கோரிக்கையை எழுதியிருக்க முடியாது. ஆனால் அவர்கள் எழும்போது அவர்களைப் பழிவாங்கும் தோட்டத்தின் தேயிலையை அலமாரியிலிருந்து எடுத்துவிடும் வல்லமை முத்திரைக்கு உண்டு. அதற்காகவே அது தோட்டத் தேயிலைமேல் இருக்க வேண்டும் என்கிறேன்.

மூன்றாவது பெட்டியின் சுவை முதற்பெட்டியினுடையதே, விலையும் ஏறக்குறைய அதுவே. இத்தகைய சொந்த முத்திரைகளின் வரலாற்றில் 2017-ஆம் ஆண்டு முக்கியமானது. ஃபேர்டிரேட் பொருள்களை உலகிலேயே மிகுதியாக விற்ற கடைத்தொடராக அப்போது விளங்கிய சைன்ஸ்பரிஸ், தன் சொந்தத் தேயிலையை ஃபேர்டிரேட்டிலிருந்து விலக்கித் தன் திட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. பிரீமியத்துக்கு ஈடான தொகை தொடரும், ஆனால் எதற்குச் செலவிடலாம் என்ற திட்டங்களுக்கு லண்டனில் உள்ள ஒரு குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பது அதன் அமைப்பு. ஆப்பிரிக்கத் தேயிலை உற்பத்தியாளர்கள் திறந்த மடல் எழுதி அதை எதிர்த்தார்கள். தங்கள் பணத்தின்மேல் தங்களுக்கு இருந்த அதிகாரம் பறிக்கப்படுகிறது என்றார்கள். ஒருவரோடொருவர் ஓயாமல் வாதிட்ட நியாய வணிக அமைப்புகள் அந்த ஒரு முறை ஒரே பக்கம் நின்றன. ஃபேர்டிரேட் இன்டர்நேஷனலின் பொதுப்பேரவையில் வாக்குகளில் பாதி உற்பத்தியாளர்களுக்கு உரியது என்று 2011-இல் முடிவானதையும் இங்கே நினைவுகூர வேண்டும். அந்தப் பாதிக்குள் தோட்ட நிருவாகத்துக்கும் சிறு விவசாயிக்கும் கூலித் தொழிலாளிக்கும் எவ்வளவு இடம் என்பது தீராத வழக்குதான். ஆனாலும் வழக்காடுவதற்கு அங்கே ஓர் அவை இருக்கிறது. நான் வாங்கிப் பார்த்த மூன்றாவது பெட்டியில், திட்டத்தை வகுப்பவர், கண்காணிப்பவர், குறை கேட்பவர் மூவரும் விற்பவரே. தொழிலாளிக்கு அங்கே வாக்கும் இல்லை, முறையிட வேறு வாசலும் இல்லை. அதனால்தான் அதை வேண்டாம் என்கிறேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு நடைமுறையில் ஒன்று சொல்ல வேண்டும். 2018-இல் டிரெய்ட்கிராஃப்ட் எக்ஸ்சேஞ்ச் என்னும் அமைப்பு பிரிட்டனின் தேயிலை நிறுவனங்களிடம் ஒரே ஒரு கோரிக்கையை வைத்தது: அசாமில் எந்தெந்தத் தோட்டங்களிலிருந்து வாங்குகிறீர்கள் என்ற பட்டியலை வெளியிடுங்கள். எந்த முத்திரை சிறந்தது என்ற பழைய பூசலுக்குள் அது நுழையவில்லை. வாடிக்கையாளர்கள் கடிதமும் மின்னஞ்சலும் அனுப்பினார்கள். யார்க்‌ஷயர் டீ, டெட்லி, ட்வைனிங்ஸ், பிஜி டிப்ஸ் முதலிய பெரிய பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டியலை வெளியிட்டன. தோட்டத்தின் பெயர் தெரிந்தால், அங்குள்ள தொழிலாளியின் முறைப்பாடு இங்குள்ள கடையின் கதவைத் தட்ட முடியும்; பெயர் தெரியாவிட்டால் அது மலையடிவாரத்தைத் தாண்டாது. நான் அறிந்தவரை, இத்துறையின் தோழமை முயற்சிகளில் குறைந்த செலவில் நிறைந்த பயன் தந்தது இதுவே.

நான் வாங்கும் முதற்பெட்டியில் தோட்டத்தின் பெயர் எதுவும் அச்சாகவில்லை. நாடுகளின் பெயர்கள் மட்டுமே உள்ளன. அதன் அடிப்பக்கத்தில் வாடிக்கையாளர் தொடர்புக்கான முகவரி இருக்கிறது. எழுதுகிறவர்கள் தோட்டப் பட்டியலைக் கேட்பதோடு, அங்கே நாட்சம்பளம் யாரோடு பேசி முடிவாகிறது, பிரீமியக் குழுவில் பெண் தொழிலாளர்கள் எத்தனை பேர், தோட்டத்தின் விளைச்சலில் எவ்வளவு முத்திரையோடு வாங்கப்படுகிறது என்பவற்றையும் கேட்கலாம். இலங்கை, தென்னிந்தியத் தேயிலையானால், அந்தத் தோட்டங்களில் உறவினர் உள்ளவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். கடை தரும் பதிலை அங்கே தமிழிலேயே கேட்டுச் சரிபார்க்கவும் நம்மால் முடியும்.